அறுநூற்றுத் தொண்ணூறு கிராம்

சாக்கு தராசில் ஏறியதும் பரிதி அதன் வாயைப் பிடித்துக்கொண்டு சிவப்பு எண்ணையே பார்த்தபடி நிற்பான். நெல் நாற்பது கிலோ, சாக்கு ஐந்நூற்றெண்பது கிராம். இரண்டும் சேர்ந்த எண் வரும்வரை சின்ன முறத்தால் அள்ளிப் போடுவதும் எடுப்பதும் அவன் வேலை. ஒரு கை நெல் குறைந்தால் எழுத்தர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு எட்டிப்பார்ப்பார். ஒரு கை கூடினால் அவருக்குப் பார்வை மங்கிவிடும். எண் நின்றதும் பரிதி "சரி" என்பான். கண்ணுசாமி கோணி ஊசியால் வாயைத் தைப்பார். இன்னொருவன் அதைத் தோளில் வாங்கிக்கொண்டு மூட்டை அடுக்கும் அட்டிக்குப் போவான்.

பேராவூரணிப் பக்கத்தில் கடைமடை ஊர் அது. ஆற்றில் விடுகிற தண்ணீர் ஊரெல்லாம் பாய்ந்து கடைசியாக வந்து சேர்கிற இடம் என்பதால் நடவும் கடைசி, அறுப்பும் கடைசி, கொள்முதலும் கடைசி. மாசி பிறந்த பிறகும் கொள்முதல் நிலையத்து வாசலில் நெல் தார்ப்பாய்க்கு அடியில் குவியல் குவியலாகக் காத்துக் கிடந்தது. குவியலைப் பார்த்து "நூத்தி இருவது மூட்டை தேறும்" என்று விவசாயி சொல்வார். தராசில் ஏற்றினால் நூற்றுப்பத்தோடு நின்றுவிடும். "என் நெல்லு எனக்குத் தெரியாதா?" என்று சண்டைக்கு வருகிறவர்களிடம் கண்ணுசாமி வெற்றிலை வாயோடு சிரித்துக்கொண்டே தராசைக் காட்டுவார். இந்தச் சண்டைகளில் பரிதி எப்போதும் தராசின் பக்கம்.

அன்று மத்தியானம் அவன் அக்கா அம்சவல்லி போனில் கூப்பிட்டாள்.

"தம்பி, செம்மொழிக்குத் தலவலி தாங்கல. கண்ணு மங்கலா தெரியுதுங்குறா. நர்சம்மா வந்து பிரஷர் பாத்துட்டு இந்த நிமிஷமே கெளம்புங்கன்னு சொல்லிட்டாங்க. நான் ஆட்டோவுல ஏத்திக்கிட்டுப் போறேன். நீ வீட்டுக்கு வராத, நேரா டவுன் ஆஸ்பத்திரிக்கு வந்துடு."

பரிதி முறத்தைக் கீழே போட்டான். கண்ணுசாமி அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, "போ மாப்ள, நான் பாத்துக்குறேன்" என்றார். நெல் தூசியும் மேலே பட்டால் அரிக்கிற சுணையும் அப்பிய துண்டு தோளில் கிடந்தது. அதை உதறக்கூட இல்லாமல் வண்டியை எடுத்தான்.

அவன் மனைவி செம்மொழிக்கு இது ஏழாவது மாதம். இதற்கு முன் இரண்டு முறை உண்டாகி இரண்டும் மூன்றாம் மாதத்திலேயே கலைந்துபோயின. இந்த முறை நிலைத்துவிட்டது. தேங்காய் மட்டை மில்லில் நார் உலர்த்தும் வேலையை வயிறு தெரிய ஆரம்பித்ததும் விட்டுவிட்டாள். போன மாதம் கால் வீங்கியபோது, பிள்ளைத்தாய்ச்சிக்கு நீர் இறங்குவது சகஜம் என்றார்கள். முகம் வீங்கியபோது, தாய்மைப் பூரிப்பு என்றார்கள். பரிதியும் அந்தப் பூரிப்பை நம்பி, அவள் கன்னத்தை இரண்டு விரலால் அழுத்திப் பார்த்துச் சிரித்திருக்கிறான். அழுத்திய இடம் பள்ளமாகவே கொஞ்ச நேரம் நின்றது.

ஆஸ்பத்திரிக்கு அவன் போய்ச் சேர்ந்தபோது செம்மொழியை ஸ்கேன் எடுத்துவிட்டுக் கூட்டிவந்திருந்தார்கள். ஸ்கேன் அறைக்குள் அம்சவல்லிதான் கூட இருந்தாள். வெளியே ஒரு பெஞ்சு நிறைய கர்ப்பிணிகள் தண்ணீர் பாட்டிலோடு உட்கார்ந்திருந்தார்கள். வெளியூரிலிருந்து வாரத்தில் சில நாள் வருகிற ஸ்கேன் டாக்டர் ஒருவரை அனுப்புவதற்குள் அடுத்தவரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். செம்மொழியை வார்டில் படுக்கவைத்து, இடுப்பில் ஒரு ஊசியும் கையில் ஒரு ஊசியும் போட்டிருந்தார்கள். பரிதி கூப்பிட்டதற்கு அவள் கண்ணைத் திறந்து பார்த்தாள். பார்த்தது அவனைத்தானா என்று அவனுக்குத் தெரியவில்லை.

டாக்டர் பூர்ணிமா அவனைத் தன் அறைக்குக் கூப்பிட்டாள். அவளுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். காலையிலிருந்து உட்காரவே இல்லாதவளைப் போல மேஜை விளிம்பில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள்.

"உக்காருங்க. பிரஷர் ரொம்ப அதிகமா இருக்கு. யூரின்ல உப்பும் போகுது. இப்படியே விட்டா ஃபிட்ஸ் வரும், மூளைக்குப் போயிடும். அவங்களக் காப்பாத்தணும்னா பிள்ளைய வெளிய எடுத்தாகணும். அதுக்கு வேற மருந்து கெடையாது."

"எடுத்துடுங்க டாக்டர்."

"எடுக்குறது எப்படிங்குறதுதான் விஷயம்." அவள் ஸ்கேன் தாளைப் பார்த்தாள். "பிள்ளை எடை அறுநூத்தித் தொண்ணூறு கிராம்தான் இருக்கு. இந்த மாசத்துக்கு ஒரு கிலோவுக்கு மேல இருக்கணும். பனிக்குடத்துல தண்ணி வத்திப்போச்சு, வளர்ச்சியே இல்ல."

பரிதிக்கு வெறுஞ்சாக்குதான் நினைவுக்கு வந்தது. ஐந்நூற்றெண்பது கிராம். காற்றடித்தால் வாசலைத் தாண்டிப் பறந்து போகிற சாமான். அதற்கு மேலே இரண்டு கை நெல்லை வைத்தால் அவன் பிள்ளை.

"அவ்வளவுதான் எடையா டாக்டர்?"

"அவ்வளவுதான்."

தராசில் வைத்து எண் நின்ற பிறகு அவன் "சரி" என்று சொல்வானே, அதே குரலில் அவள் சொன்னாள்.

"ஆபரேஷன் பண்ணலாம். ஆனா இந்த எடையில பிள்ளை பிழைக்காதுங்க. பிழைக்காத பிள்ளைக்காக அவங்க வயித்தக் கீறி, அடுத்த தடவைக்கும் சிக்கல் பண்ணி வைக்கிறதுல அர்த்தம் இல்ல. தஞ்சாவூர் மெடிக்கலுக்கு அனுப்பலாம், ஆனா இந்தப் பிரஷரோட வழியில ஃபிட்ஸ் வந்துச்சுன்னா ரெண்டு உசுரும் போயிடும். நான் என்ன சொல்றேன்னா, மாத்திரை வச்சு வலிய வரவழைச்சு, சுகப்பிரசவமா வெளிய கொண்டுவந்துடலாம். அவங்க நல்லபடியா எழுந்திருக்கட்டும். வயசு இருக்கு."

"பிள்ளைக்கு எதுவும் செய்ய முடியாதுங்களா?"

"நுரையீரல் முதிர்றதுக்கு ஒரு ஊசி இருக்கு. இந்த எடைக்கு அதைப் போட்டும் பிரயோசனம் இல்ல."

"செம்மொழிய ஒரு வார்த்த கேட்டுக்குறேன் டாக்டர்."

"அவங்க மருந்து மயக்கத்துல இருக்காங்க. கேட்டாலும் வெளங்காது. நீங்கதான் சொல்லணும். சீக்கிரம் சொல்லுங்க."

டாக்டர் கெட்டவள் இல்லை. அவன் கையெழுத்துப் போடுவதற்கு முன் தன் பாட்டில் தண்ணீரை எடுத்துக் கொடுத்தாள். அவன் குடித்துவிட்டு நன்றி சொன்னான். பிள்ளைக்கு எந்தச் சிகிச்சையும் வேண்டாம், தாயைக் காப்பாற்றினால் போதும் என்று எழுதியிருந்த இடத்துக்குக் கீழே தன் பெயரை முழுதாக எழுதினான்.

இரவு முழுக்க வலி விட்டுவிட்டு வந்தது. காலையில் கண்ணுசாமி போன் செய்து, "ஆத்தங்கரையில குழிக்கு எடம் பாத்துடவா மாப்ள?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். பரிதி "பாத்துடுங்க மாமா" என்றான். மூட்டை அடுக்க இடம் கேட்டால் சொல்வது போலத்தான் அதையும் சொன்னான்.

வெயில் ஏறிய நேரத்தில் செம்மொழியைப் பிரசவ அறைக்குள் கொண்டுபோனார்கள். அம்சவல்லி டீ வாங்கிவரக் கீழே போயிருந்தாள். ஆயா வேம்பு கதவை ஒருக்களித்துத் திறந்தாள்.

"தம்பி, பழைய துணி ஏதாச்சும் இருந்தா குடுங்க. சுத்துறதுக்கு."

அவனிடம் எதுவும் இல்லை. அம்சவல்லியின் பை எங்கே என்று தேடினான், காணோம். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கொடுத்தான். கொடுத்த பிறகுதான் அது கொள்முதல் நிலையத்துத் துண்டு, நெல் சுணையோடு இருக்கிறது என்று உறைத்தது. அதற்குள் கதவு சாத்திவிட்டது. இனிமேல் எது குத்தினால் என்ன என்று தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டான்.

உள்ளே செம்மொழி ஒரு முறை கத்தினாள். பிறகு ஏதோ சாமான் கழுவுகிற சத்தம். டாக்டர் "பிரஷர் பாருங்க, பிரஷர் பாருங்க" என்று சொல்வது கேட்டது. அம்சவல்லி டீயோடு வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் டீயைக் கையில் வைத்துக்கொண்டு கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எண்ணெய் போடாத கீல் மாதிரி உள்ளே ஏதோ கிறீச்சிட்டது. ஜன்னலாக இருக்கும் என்று பரிதி நினைத்தான். மறுபடியும் கிறீச்சிட்டது. விட்டு, மறுபடியும்.

வேம்பு ஓடிவந்து கதவைத் திறந்தாள். அவள் கையுறை இன்னும் ஈரமாக இருந்தது.

"தம்பி, மூச்சு இருக்கு."

"யாருக்கு?"

"பிள்ளைக்குத்தான். துண்டுல சுத்தி ட்ரேயில வச்சுட்டு அம்மாவப் பாத்துக்கிட்டு இருந்தோம். துணி அசையுது தம்பி. பிரிச்சுப் பாத்தா கையக் கால ஒதைக்குது. பொம்பளப் பிள்ள."

பரிதி எழுந்தான். டீ காலில் கொட்டியது தெரியவில்லை. உள்ளே போக வேண்டுமா, கூடாதா என்று தெரியாமல் வாசற்படியில் நின்றான். அங்கிருந்து பார்க்க முடிந்தது. சுவரோரம் மேஜை, மேலே மின்விசிறி முழு வேகத்தில். நர்ஸ் அந்தத் துண்டை உருவி எறிந்துவிட்டு, சுருண்ட சிவப்பு உடம்பைப் பச்சைத் துணியில் பொதிந்து, ஒரு தராசில் வைத்தாள். டாக்டர் பூர்ணிமா குனிந்து பார்த்தாள். "எடுத்துட்டுத் திரும்ப வைங்க" என்றாள். திரும்ப வைத்தார்கள். அவள் கையுறையைக் கழற்றாமலேயே வெளியே வந்தாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"தொள்ளாயிரத்தி அறுபது கிராம் இருக்கு" என்றாள்.

"எது டாக்டர்?"

"குழந்தை."

ஒரு ராத்திரியில் எப்படி இவ்வளவு எடை கூடும் என்றுதான் பரிதிக்கு முதலில் தோன்றியது. அதையே கேட்டான்.

"நேத்து அறுநூத்தித் தொண்ணூறுன்னு சொன்னீங்களே."

"அது ஸ்கேன்ல வந்த அளவுங்க. தலையளவு, வயித்தளவு, தொடையெலும்பு, இதெல்லாம் அளந்து, கணக்குப் போட்டு, மதிப்பா ஒரு எடை சொல்லும். முன்னபின்ன இருக்கும். தண்ணி வத்திப்போன கேஸ்ல அந்த வித்தியாசம் கொஞ்சம் கூடுதலாவே இருக்கும்."

"அப்ப நேத்து எடை போடலையா?"

"வயித்துக்குள்ள இருக்குறத எப்படிங்க எடை போடுறது?"

எரிச்சலோடுதான் ஆரம்பித்தாள். பாதியில் குரல் இறங்கிவிட்டது. அவனை நிமிர்ந்து பார்க்காமல் "நூத்தியெட்டுக்குப் போன் பண்ணுங்க" என்று நர்ஸிடம் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அம்சவல்லி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தம்பி, அந்த ஸ்கேன் டாக்டரு நேத்தே சொன்னாரு. பிள்ளை சுருண்டு கெடக்குது, தண்ணி இல்ல, வயித்தளவு சரியா சிக்க மாட்டேங்குதுன்னாரு. பக்கத்துல எழுதுற பொண்ணுகிட்ட, கெடைச்சத வச்சுப் போடும்மான்னாரு. நான் அத ஒரு பெரிய விஷயமா நெனைக்கலியே. அவுங்க மெஷினு, அவுங்க கணக்கு, நமக்கென்ன தெரியும்னு இருந்துட்டேன்."

குவியலைப் பார்த்துச் சொன்ன கணக்கை நம்பிப் பரிதி கையெழுத்துப் போட்டிருக்கிறான். எத்தனை விவசாயிகள் எத்தனை முறை அவனிடம் வாசலில் நின்று அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். ஒருவர் சொன்னதையும் அவன் ஏற்றுக்கொண்டதில்லை. எடை என்று ஒரு டாக்டர் சொன்னால் அது தராசில் நின்ற எண் என்றுதான் அவனுக்குத் தெரியும். வேறு மாதிரி ஒரு எடை உலகத்தில் இருக்கும் என்று யாரும் அவனுக்குச் சொன்னதில்லை.

சட்டைப் பையில் போன் அடித்தது. கண்ணுசாமி.

"மாப்ள, எல்லாம் தயாரா இருக்கு. எப்ப கெளம்புறீங்க?"

"கொஞ்சம் இருங்க மாமா" என்றான். "இன்னும் இல்ல." கட் செய்துவிட்டான்.

ஆம்புலன்ஸ் வந்தது. டாக்டர் பூர்ணிமா தஞ்சாவூர் மெடிக்கலுக்கு எழுதிய கடிதத்தை அவன் கையில் கொடுத்தபோது அம்சவல்லியும் பக்கத்தில் நின்றாள்.

"வழி தாங்குமான்னு என்னால சொல்ல முடியாதுங்க. பொறந்து ரொம்ப நேரம் குளிர்ல இருந்துடுச்சு. அவ்வளவு தூரம் போய்ச் சேர்றதே கஷ்டம். மனசத் தயார் பண்ணிக்கங்க. அவங்களுக்குப் பிரஷர் இன்னும் எறங்கல, இங்கதான் இருக்கணும்."

அம்சவல்லி செம்மொழியோடு இருந்துகொண்டாள். பரிதி வண்டியில் ஏறினான். உள்ளே நோயாளியைப் பார்த்துக்கொள்பவன் பெயர் ஜாஃபர் சாதிக், கூத்தாநல்லூர்க்காரன், பரிதியை விட வயது குறைவு. குழந்தையின் மூக்கில் சன்னமான குழாயை வைத்துவிட்டு அதன் பாதத்தைத் தொட்டுப் பார்த்தான். முகம் மாறியது.

"அண்ணே, சட்டையக் கழட்டுங்க."

"ஏன் தம்பி?"

"பிள்ளை உடம்பு சில்லுன்னு கெடக்கு. உங்க நெஞ்சுச் சூடுதான் இப்பத்திக்கு மருந்து. தோலோட தோலா ஒட்டி வச்சுக்கங்க, மேல நான் போத்தி விடுறேன். சாயாதீங்க, மூச்சு அடைக்கும்."

பரிதி சட்டையைக் கழற்றினான். ஜாஃபர் குழந்தையை எடுத்து அவன் நெஞ்சில் வைத்தான். மூட்டை சுமந்து காய்த்த அந்தத் தோளுக்குக் கீழே அது ஒரு தவளைக்குட்டி போல ஒட்டிக்கொண்டது. முதுகிலும் விலாவிலும் சிவப்புச் சிவப்பாகத் தடித்திருந்தது. ஜாஃபர் உற்றுப் பார்த்து, "இது என்னண்ணே, அலர்ஜி மாதிரி இருக்கு?" என்றான்.

"நெல் சுணை" என்றான் பரிதி. "என் துண்டுதான்." சொல்லிவிட்டு அழுதான். குழந்தை குலுங்கிவிடும் என்று பயந்து அழுகையையும் அடக்கிக்கொண்டான்.

அதன் எடை இப்போது கையில் தெரிந்தது. ஒரு கிலோகூட இல்லைதான். ஆனால் மூச்சு இழுக்கும்போது அந்த விலா எழும்பி அவன் தோலை உரசியது. பட்டுக்கோட்டையைத் தாண்டும்போது ஒரு முறை மூச்சு நின்றது. ஜாஃபர் பாதத்தைச் சுண்டினான், மறுபடி சுண்டினான், குழாயைச் சரி செய்தான். அது கிறீச்சிட்டது. ஜாஃபர் "அல்ஹம்துலில்லாஹ்" என்று முணுமுணுத்துவிட்டு டிரைவரைப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் மிதிங்கண்ணே" என்றான். இரண்டு பக்கமும் அறுத்த வயல்கள் ஓடிக்கொண்டிருந்தன. வைக்கோல் கட்டும் மிஷின்கள் வெயிலில் சுற்றின. பரிதி எதையும் பார்க்கவில்லை. அந்த விலா எழும்புகிறதா என்பதை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தான்.

தஞ்சாவூரில் குழந்தையைக் கண்ணாடி வைத்த அறைக்குள் கொண்டுபோனார்கள். அப்போதுதான் சட்டைப் பையைத் தடவிப் பார்த்தான். போன் இல்லை. வண்டிக்குள் சட்டையைக் கழற்றியபோது விழுந்திருக்க வேண்டும். வாசலுக்கு ஓடினான். ஆம்புலன்ஸ் வேறு எங்கோ கிளம்பிப் போயிருந்தது. அக்காவின் நம்பர் அவனுக்கு மனப்பாடம் இல்லை. யாருக்குத்தான் இந்தக் காலத்தில் இருக்கிறது.

குழந்தை டாக்டர் ஒருவர் சாயங்காலம் அவனைக் கூப்பிட்டுப் பேசினார்.

"மூச்சுக்கு மெஷின் வச்சிருக்கோம். உடம்பு இப்பத்தான் சூட்டுக்கு வந்திருக்கு. பொறந்ததும் எங்க வச்சிருந்தாங்க?"

"ட்ரேயில."

"வார்மர் இல்லையா?"

"போடல சார். பிழைக்காதுன்னு சொன்னாங்க."

"பிரசவத்துக்கு முன்னாடி அம்மாவுக்கு நுரையீரல் ஊசி போட்டாங்களா? அது ரொம்ப முக்கியம், நீங்க நேத்தே அங்க அட்மிட் ஆயிருக்கீங்களே, போட நேரம் இருந்துச்சே."

பரிதி தரையைப் பார்த்தான்.

"வேணாம்னு நான்தான் சார் கையெழுத்துப் போட்டேன்."

டாக்டர் பேனாவை மூடினார். திட்டுவார் என்று பரிதி காத்திருந்தான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சரி. இது இப்ப பிழைக்க வாய்ப்புள்ள குழந்தைதான். எடை இருக்கு. நீங்க செய்ய வேண்டியது ஒண்ணு இருக்கு. தாய்ப்பால் வேணும். பவுடர் பால் குடுத்தா இந்தக் குடல் தாங்காது, வெந்துடும். இங்க தாய்ப்பால் பாங்கில இருக்குறது ரெண்டு மூணு நாளைக்கு வரும். அதுக்கப்புறம் அவங்க அம்மா பால்தான் ஒசத்தி. முதல்ல சொட்டுச் சொட்டாத்தான் வரும், மஞ்சளா இருக்கும், அதுவே போதும். நேரம் போகப் போகச் சுரக்காம போயிடும், அதனால சீக்கிரம் பீச்ச ஆரம்பிக்கணும். காலையில போய்க் கொண்டாங்க."

நர்ஸ் ஒரு சின்னக் கிண்ணமும் மூடியும் ஐஸ் வைத்த ஒரு டப்பாவும் கொடுத்தாள். எப்படிக் கையைக் கழுவ வேண்டும், எப்படி அழுத்த வேண்டும், எப்படி மூடி எடுத்துவர வேண்டும் என்று தன் புறங்கையில் செய்து காட்டினாள். ஏழாம் மாதத்தில் பிறந்தாலும் பால் சுரக்குமா என்று அவன் கேட்டான். "சுரக்கும்ண்ணே, உடம்புக்குப் பிள்ளை பொறந்தது தெரியும்ல" என்றாள். அந்த வார்த்தை அவனுக்கு என்னவோ பிடித்துப்போனது. நேற்றிலிருந்து யாரும் அவனிடம் சொல்லாத மாதிரி ஒரு வார்த்தை.

விடிந்ததும் முதல் பஸ்ஸைப் பிடித்தான். டப்பாவை மடியில் வைத்துக்கொண்டான். பக்கத்துச் சீட்டுக்காரர் மீனா என்று கேட்டார். "பிள்ளைக்குப் பால் வாங்கப் போறேன்" என்றான். அவர் சிரித்தார். அவனும் சிரித்தான். கிளம்புமுன் அறைக் கண்ணாடி வழியாகக் கடைசியாகப் பார்த்தபோது பிள்ளை கையை நீட்டி ஒரு வயரைப் பிடிக்கப் பார்த்தது. அதைச் செம்மொழியிடம் முதலில் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டான். பொம்பளைப் பிள்ளை என்பதையே அவளுக்குச் சொன்னார்களோ என்னவோ.

வார்டுக்குள் நுழைந்ததும் மல்லிகைப்பூ வாசம் அடித்தது. காலையிலேயே யாரோ வளைகாப்புக்காரர்கள் வந்துபோயிருக்கிறார்கள் என்று நினைத்தான். கட்டிலை நெருங்க நெருங்க வாசம் அதிகமானது. செம்மொழி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். முகத்தில் வீக்கம் குறைந்திருந்தது. அம்சவல்லி கட்டில் காலடியில் உட்கார்ந்திருந்தவள், அவனைப் பார்த்ததும் எழுந்தாள். அவள் கண் அவன் கையைப் பார்த்தது. வெறுங்கையாக வருவான், அல்லது வேறு எதையோ தூக்கிக்கொண்டு வருவான் என்று எதிர்பார்த்தவளைப் போல இருந்தது. டப்பாவைப் பார்த்துக் குழம்பினாள்.

"இந்தா செம்மொழி" என்றான் பரிதி. மூச்சு வாங்கியது. "எழுந்து உக்காரு. பால் கேக்குறாங்க. ஒரு சொட்டு இருந்தாலும் போதுமாம்."

செம்மொழி மெதுவாகத் திரும்பினாள். உதடு வெடித்திருந்தது.

"யாருக்குங்க?"

பரிதி அவளைப் பார்த்தான். பிறகு அக்காவைப் பார்த்தான். அம்சவல்லி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"போன் மேல போன் பண்ணுனேன் தம்பி. அடிச்சுச்சு, எடுக்கல. அப்புறம் அடிக்கவே இல்ல. டாக்டரம்மா வழி தாங்காதுன்னாங்கள்ல. போன் எடுக்காதவன் எதைச் சொல்ல எடுக்காம இருக்கான்னு நானா நெனைச்சுக்கிட்டேன். இவ ராத்திரியெல்லாம் எம்புள்ள எங்க, எம்புள்ள எங்கன்னு கேட்டுக்கிட்டே இருந்தா. பிரஷர் ஏறுது, அழ விடாதீங்கன்னு சிஸ்டர் சத்தம் போடுறாங்க. அதான், போயிடுச்சு, ஆத்தங்கரையில வச்சுட்டாங்கன்னு சொல்லிட்டேன்." அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "சிஸ்டரே சொன்னாங்க, பால் கட்டிக்கிட்டா காய்ச்சல் வரும், பிரஷருக்கு ஆகாது, இறுக்கிக் கட்டி விடுங்கன்னு. நம்ம பக்கம் எப்பவும் செய்யுறதுதானே தம்பி. கடைத்தெருவுல போயி மல்லிப்பூ வாங்கியாந்து..."

அவள் முடிக்கவில்லை. பிள்ளை இறந்துபோன வீட்டில், பால் வற்றுவதற்காக மார்பில் மல்லிகைப்பூவை வைத்துக் கட்டுவார்கள். பரிதி அந்த வாசத்தைச் சின்ன வயதில் சில வீடுகளில் நுகர்ந்திருக்கிறான். அப்போதெல்லாம் அது யாருக்கோ நடந்தது.

"உசுரோட இருக்கு" என்றான். அதை எப்படிச் சொல்ல வேண்டும் என்று பஸ்ஸில் யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோயிற்று. "பொம்பளப் பிள்ள. வயரைப் புடிச்சு இழுக்குது."

செம்மொழி ஒரு கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள். இன்னொரு கையில் சலைன் ஊசி இருந்தது. ரவிக்கைக்குள் மார்பைச் சுற்றி அம்சவல்லி தன் பழைய புடவையைக் கிழித்து இறுக்கிக் கட்டியிருந்தாள். முடிச்சு முதுகுப் பக்கம் இருந்தது. செம்மொழியின் ஒற்றைக் கைக்கு அது எட்டவில்லை. அம்சவல்லி பதறிக்கொண்டு அவிழ்க்க வந்தாள். அவள் கைக்கும் அது அவிழவில்லை. கடைசியில் பல்லால் கடித்து இழுத்தாள்.

துணி தளர்ந்ததும் பூக்கள் உதிர்ந்தன. உடம்புச் சூட்டில் வதங்கிப் பழுப்பேறிப் போயிருந்தன. சில தோலில் ஒட்டிக்கொண்டிருந்தன. மெத்தையிலும் மடியிலும் தரையிலும் விழுந்தன. பரிதி நர்ஸ் காட்டிய மாதிரியே கையைக் கழுவிக்கொண்டு வந்து கிண்ணத்தின் மூடியைத் திறந்தான். செம்மொழி அதை வாங்கி மார்புக்குக் கீழே பிடித்துக்கொண்டு, அவன் தன் புறங்கையில் செய்து காட்டியதைப் பார்த்து, அதே மாதிரி அழுத்தினாள். ஒன்றும் வரவில்லை. இடம் மாற்றி அழுத்தினாள். வலியில் அவள் கால் விரல்கள் மடங்கின. பக்கத்துக் கட்டில் குழந்தை அழுதது, அதன் அம்மா அதை எடுத்து அணைத்துக்கொண்டாள்.

ஒரு மல்லிகை இதழ் நழுவிக் கிண்ணத்துக்குள் விழுந்தது. செம்மொழி அதை விரலால் எடுத்துக் கீழே போட்டுவிட்டு, கிண்ணத்தை மறுபடியும் நேராகப் பிடித்தாள்.